அனுப்பாத பதில்கள்

வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் இருந்தது. கணினியில் வேறெதையோ தேடப்போன வெர்லின் ஸ்டக்கியின் கண்ணில் அந்த மின்னஞ்சல் பட்டது. எழுதி முடித்து, அனுப்பப்படாமலே கிடந்தது. மாநிலச் சட்டசபைக்கு நிற்கும் அவர்கள் கட்சி வேட்பாளர் மார்சி, ஊர்ப் பத்திரிகையின் கேள்விகளுக்குச் சொன்ன பன்னிரண்டு பதில்கள். கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் கட்சிச் செயலாளர் என்ற முறையில் அனுப்பவேண்டியவர் வெர்லின்தான்.

போன வாரம் அந்தப் பத்திரிகையில் எதிர்க்கட்சிக்காரருக்கு ஒரு முழுப் பக்கம். மார்சியின் படத்துக்குக் கீழே ‘பதில் அளிக்கவில்லை’ என்ற ஒரே வரி. அன்றே வெர்லின் உள்ளூர் வானொலியில் கொதித்தார்: “பெரிய டிவிக்காரங்கதான் இப்பிடின்னு நெனச்சோம். இப்ப நம்ம ஊர்ப் பேப்பரும் நம்ம வாயை அடைக்குது. பதிலை என் கையால அனுப்பினேன்யா!”

கோபத்தில் பொய்யில்லை. போன இடைக்காலத் தேர்தலின்போது சிகாகோவிலிருந்து வந்த தொலைக்காட்சிக் குழுவிடம் பள்ளிக்கூடம், வரி, மூடிப்போன தொழிற்சாலை என்று இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பேசியிருந்தார். ஒளிபரப்பில் வந்ததோ பக்கத்து வீட்டுத் துருப்பிடித்த ட்ரக்கும், அவர் தடுமாறிய ஒரே வாக்கியமும். நாடு முழுக்கச் சிரித்தது போலிருந்தது அவருக்கு. ஆனால் பத்திரிகை நடத்தும் லோர்னா அந்தக் குழுவில் இல்லை. வெர்லினின் மனைவி இறந்தபோது இரங்கல் செய்தியை எழுதி, அச்சேற்றுமுன் வீட்டுக்கு வந்து அவருக்குப் படித்துக்காட்டியவள் அவள்.

வெர்லின் கட்சித் தலைவர் கார்டனுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

“செவ்வாக்கிழமை ஓட்டு முடியற வரைக்கும் வாயைத் தொறக்காத,” என்றார் கார்டன். “அவங்க நம்மளப் பத்தி அளந்ததுக்கெல்லாம் எவன் மன்னிப்புக் கேட்டான்?”

அந்தக் கேள்வியையே வெர்லின் சாக்காக எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் லோர்னா உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. இரண்டு வரிசை பின்னாலிருந்து வெர்லின் அவள் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்சி சுலபமாக ஜெயித்தாள். புதன்கிழமை காலை வெர்லின் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். லோர்னா மார்சியின் படத்தை முதல் பக்கத்தில் பொருத்திக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொல்லி முடித்தார்.

“மூணு தடவ ஃபோன் பண்ணேன் வெர்லின். அனுப்பியாச்சு, உன் கம்ப்யூட்டர் குப்பையில தேடுன்னு சொன்ன. தேடினேன். ரெண்டு நாள்.” திரும்பிப் பார்த்தாள். “எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“போன வியாழக்கிழம.”

அவள் விரல் விசைப்பலகைமேல் நின்றது. “அப்ப ஞாயித்துக்கிழம, தெரிஞ்சுதான் பின்னால உக்காந்திருந்தியா?”

ஆமென்று தலையாட்டினார்.

“எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு.”

மறுநாள் வானொலியில் சொன்னார். தப்பு என்னுடையது, லோர்னாவுடையது இல்லை, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஒன்றும் விடாமல். நேயர்களிடமிருந்து முதல் அழைப்பு வந்தது. பழக்கமான குரல், பண்ணை வைத்திருக்கும் டெல்பெர்ட்.

“வெர்லின், உன்ன எதவெச்சுய்யா மெரட்டினா அந்தப் பேப்பர்க்காரி?”

“யாரும் மெரட்டல டெல்பெர்ட். நான்தான் அனுப்பல.”

“சரி சரி. ரேடியோல எப்பிடிச் சொல்லுவ? புரியுது, விடு,” என்றான் டெல்பெர்ட், அத்தனை பரிவோடு.

வெர்லின் ஒலிவாங்கியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எதிரே தொலைபேசிப் பலகையில், காத்திருக்கும் அழைப்புகளைக் காட்டும் ஆறு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்கின.