கறை தேடியவள்

உத்திரமேரூரில் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில் கிரானைட் தரை போட்டாயிற்று. பெயின்ட் வேலை முடியும்வரை அதை எதனால் மூடுவது என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சு வந்தால் இன்ஜினியர் நிஷா எப்போதும் தேவயானி பக்கம்தான் திரும்புவாள். சித்தாளாக வந்து, தரை காப்பதில் பேர் வாங்கியவள் தேவயானி. பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஊற்றிவிடுவாள். சுத்தியல் விழுந்தாலும் கல் தாங்கும்.

இந்த முறை சோபியா குறுக்கே பேசினாள். ஒரகடம் பக்கம் கம்பெனிக் கட்டடங்களில் வேலை பார்த்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவள். கல்லுக்கு அடியில் ஈரம் காயவில்லை, பிளாஸ்டிக் போட்டால் ஈரம் போக வழியில்லாமல் கறை விழும் என்றாள். கெட்டியான காகித அட்டை போட்டால் கல் மூச்சுவிடும். டேப்பைக் கல்லில் ஒட்டாமல் அட்டைக்கு அட்டை ஒட்ட வேண்டும்.

"அட்ட மேல சாரம் நின்னா தாங்குமா?" என்று கேட்டாள் தேவயானி.

சாரத்தின் காலுக்கு அடியில் பிளைவுட் வைக்கலாம் என்றாள் சோபியா. நல்ல யோசனை என்று நிஷா சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் தேவயானியிடம் அவள் சொன்னதெல்லாம் 'சரி, செய்' மட்டும்தான்.

அன்றிலிருந்து தேவயானிக்குச் சோறு இறங்கவில்லை. நிஷா சோபியாவோடு நின்று சிரித்தால் வயிறு எரிந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போனதும், மேடை ஓரத்தில் டேப்பைப் பிரித்து அட்டையைத் தூக்கிப் பார்ப்பாள். கறை இல்லை. மறுநாளும் இல்லை. கல் அழகாகக் காய்ந்துகொண்டு வந்தது. பிரித்த டேப்பையே மறுபடி அழுத்திவிட்டுப் போவாள். அது சரியாகப் பிடிக்கவில்லை. சுவர் தேய்த்த தூளும் மணலும் அந்த இடுக்கில் இறங்கின. அதன்மேல் ஆட்கள் நடந்தார்கள்.

பெயின்ட் வேலை பாதியில் இருக்கையில் ஒருநாள், தரையைப் பார்க்க நிஷா அட்டையைத் தூக்கச் சொன்னாள். தரை முழுக்கப் பளபளத்தது. மேடை ஓரத்தில் மட்டும் கோடு கோடாகக் கீறல். சோபியாவின் முகம் வெளுத்துவிட்டது. தான்தான் டேப்பைச் சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது என்றாள். இனி இந்த வேலைக்கு நீ வேண்டாம் என்று நிஷா கடுப்பாகச் சொன்னாள்.

தேவயானிக்கு உள்ளே குளிர்ந்தது. ஆனால் சோபியா குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டதும் அவள் முன்னால் வந்தாள்.

"நான்தான் மேடம் பிரிச்சேன். டெய்லி பிரிச்சிப் பாத்துக்கினு இருந்தேன். கறை வுளணும்னுதான் பாத்தேன்."

பாலிஷ் போடுகிறவரை வரச்சொல்லிவிட்டு, தேவயானியை வெளியே மணல் சலிக்க அனுப்பினாள் நிஷா. சாயந்திரம் சோபியா தேடிக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, எங்கிட்ட கேட்டிருந்தா நானே பிரிச்சிக் காட்டிருப்பேனே."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவயானி தாங்கியிருப்பாள்.

இரண்டு நாள் கழித்து, பாலிஷ் போட்டு முடித்த மேடை ஓரத்துக்குப் புது அட்டை போட சோபியா அவளையே கூப்பிட்டாள். தேவயானி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். டேப்பை எப்படி நீவி ஒட்ட வேண்டும் என்று சோபியா காட்டினாள். அதேபோல் தேவயானியும் ஒட்டினாள். நன்றாகப் பிடித்தது. அதுவும் அவளுக்கு எரிந்தது.