நாலு மணி இணைப்பு

கணவன் இறந்து ஐந்து மாதம் கழித்துத்தான் அவனுடைய மடிக்கணினியைத் தன் வேலைக்கு எடுத்தாள். பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது அவள் தொழில். அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைத் தானே போட்டுத் தன் இஷ்டத்துக்கு வளைத்து வைத்திருந்தான்.

காலையில் கணினி சொன்ன பேச்சைக் கேட்டது. மதியம் மூடியைச் சாத்திவிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, நாலு மணிக்குத் திறந்தால் மக்கர் பண்ணியது. வைஃபை இணைந்துவிட்டதாகக் காட்டும். ஒரு பக்கமும் திறக்காது. அரை மணி போனால் தானே சரியாகிவிடும்.

ஓர் அலுவலகத்தில் கணினிகளைக் கட்டி மேய்க்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"தூங்கி எந்திரிச்சா வைஃபை கார்டு சில சமயம் முழிக்காதும்மா. அதோட டிரைவர் சாஃப்ட்வேரைக் கழட்டி மறுபடி ஏத்து. கட்டளை அனுப்புறேன், அப்படியே அடி."

அடித்தாள். பலனில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வசதியை நிறுத்தச் சொன்னான். அதற்கும் மசியவில்லை.

"சரி, லாக் ஃபைலைத் திற. முழிச்சதுலேர்ந்து என்னென்ன பண்ணுச்சுன்னு எழுதி வச்சிருக்கும்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே வரிவரியாகப் படித்தாள். பிழை தேடிப் பழகிய கண். 4:02க்குக் கணினி விழித்தது. கார்டும் கூடவே விழித்தது. அடுத்த வரியில் அவள் வாய் நின்றுவிட்டது.

"என்ன போட்டிருக்கு?"

"வந்தாச்சுன்னு போட்டிருக்குண்ணா. வந்தாச்சோட இணைஞ்சதுன்னு."

'வந்தாச்சு' அவள் கணவனுடைய கைபேசியிலிருந்து இணையம் தரும் ஹாட்ஸ்பாட்டின் பெயர் என்று அவனுக்கும் தெரியும். போன் ஓடும்போதெல்லாம் ஹாட்ஸ்பாட்டும் ஓடும்படி கணவன் வைத்திருந்தான். அவன் படியேறும்போதே மடிக்கணினித் திரையின் மூலையில் அந்தச் சொல் ஒரு கணம் எட்டிப்பார்த்து மறையும். வீட்டு வைஃபையைவிட அதற்குத்தான் முதல் மரியாதை.

"அந்த போன் எங்க இருக்கு?"

"அலமாரியில. நான்தான் அணைச்சு வச்சேன். சிம்மைக்கூட நிறுத்தியாச்சே."

"அதனாலதான் இணைஞ்சும் நெட் வரல..." அண்ணன் இழுத்தான்.

அவள் பின்னோக்கிப் படித்தாள். நேற்றும் இருந்தது, முந்தாநாளும். சனி ஞாயிறுகளில் மட்டும் இல்லை. வாசற்கதவு பூட்டியே இருந்தது. இருந்தும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். வெயில் கூடத்தில் கிடந்தது.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அவன் சட்டைகளுக்கு அடியில் போன் இல்லை. அப்போதுதான் மெல்லிசாகக் கேட்டது, அவன் குரல்.

"குட்டி, லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. அப்பா வர லேட்டாகும், நீ சாப்பிட்டுடு."

குரல் மகளின் அறையிலிருந்து வந்தது. கதவைத் தள்ளினாள். பள்ளிச் சீருடைகூட மாற்றாமல், சார்ஜரில் மாட்டிய போனை மடியில் வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள் மகள்.

"திட்டாதம்மா. ஸ்கூல் விட்டு வந்து என் சாவியில கதவைத் திறந்து, நீ தூங்குற நேரமா பாத்துதான் கேப்பேன். நீ முழிச்சுட்டா சத்தத்தைக் குறைச்சிடுவேன், அரை மணியில அணைச்சும் வச்சிடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து. லீவு நாள்ல நீ தூங்குறதே இல்லையே."

அவளுக்குத் திட்ட வரவில்லை. ஐந்து மாதமாக அந்தக் குரலுக்குப் பயந்துதான் போனை ஒளித்து வைத்திருந்தாள்.

அண்ணன் இன்னும் லைனில் இருந்தான். "அந்தப் பேரை அழிச்சிடலாமா? ஒரே கட்டளைதான்."

"வேண்டாண்ணா. முதல்ல வீட்டு வைஃபையைத் தேடுற மாதிரி பண்ணிக் குடு. அது பாட்டுக்குப் பட்டியல்ல இருந்துட்டுப் போகட்டும்."

போனை வைத்துவிட்டு மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் பேசி அனுப்பிய குரல் செய்திகள் மொத்தம் நாற்பத்தொன்று. மூன்று கேட்டதுமே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை.

"நிறுத்தட்டுமாம்மா?"

"வேண்டாம். அடுத்ததைப் போடு."