சுக்கான் பிடித்தவன்

என் தம்பிக்கு மூன்று நண்பர்கள்: ஒரு பல் டாக்டர், ஒரு தையல்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர். நால்வருக்கும் பொதுவாக ஒரு பாய்ப்படகு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஞாயிறு தவறாமல் கடலுக்குப் போகிறார்கள். இத்தனை வருஷத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக்கூட ஒருமனதாகச் சொன்னதில்லை. தொப்பி மட்டும் நாலும் ஒரே மாதிரி.

சென்ற ஞாயிறு கரை திரும்பும்போது, துறையில் கட்டியிருந்த ஒரு படகின் விலாவில் போய் இடித்தார்கள். புதிதாக வர்ணம் அடித்த படகு. அதுவும் தம்பி தன் மகளைக் கொடுக்கப்போகிற வீட்டாருடையது. சம்பந்தி நீதிபதியாக இருந்தவர். அன்று மாலையே தம்பி அவர் வாசலில் நின்று, "சுக்கான் என் கையிலதான் இருந்துச்சு, மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறான்.

எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் வாசலில் கைகட்டி நின்றதில்லை. தவறு அவனுடையது, போகட்டும் என்றிருந்தேன். ஆனால் சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் தையல்கடைக்காரர் வாயில் குண்டூசியோடு உளறினார்.

"பாவம் உங்க தம்பி. டாக்டர் இடிச்சதுக்கு அவர் போய்க் கும்பிட்டாரு."

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு நேரே படகுக் கொட்டகைக்குப் போனேன். மற்ற மூவரும் படகின் மூக்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார்றா சுக்கான் பிடிச்சது?"

தம்பி தலை குனிந்தான். டாக்டர் பல்லைக் காட்டினார். தொழில் புத்தி.

"நான்தாண்ணா. ஆனா இந்த மாசம் பழி ஏத்துக்கிற முறை இவனோடது."

"பழிக்கு முறையா?"

"ஆரம்பத்துல ஒவ்வொரு தடவையும் சண்டைண்ணா" என்றார் வாத்தியார், ஏதோ சட்டம் இயற்றியவரைப் போல. "அதான் மாசத்துக்கு ஒருத்தர்னு வெச்சுக்கிட்டோம். யார் செஞ்சாலும் அந்த மாச ஆள் செஞ்சது. போன மாசம் நான் படகுப் பக்கமே வரல. ஆனா நங்கூரத்தைத் தொலைச்சது நான்தான்!"

இருவரும் சிரித்தார்கள். என் தம்பியும்.

"செஞ்சவன் நிமிர்ந்து நின்னு ஒத்துக்கணும். நீங்க நாலு பேரும் சேர்ந்தாக்கூட அரை மனுஷன் தேறாது" என்றேன்.

"அண்ணா, சம்பந்திகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்று தம்பி பின்னாலேயே ஓடிவந்தான். அவனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் சம்பந்தி வீட்டுக்குள் போனேன்.

சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "படகையே நேரா ஓட்டத் தெரியல, குடும்பத்தை எப்படி ஓட்டினாரோ!"

அதற்குப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சம்பந்தி முந்திக்கொண்டார்.

"நீ சும்மா இரு. ஓட்டத் தெரியாதது ஒரு குத்தமா? தானா வந்து உண்மையைச் சொன்னாரே, அது போதும் எனக்கு. பொய் சொல்ற வீட்டுல மட்டும் நான் பொண்ணு எடுக்க மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க?"

உண்மையைச் சொன்னால் தம்பி படகோட்டத் தெரியாதவன் இல்லை என்றாகும், பொய்யன் என்றாகும். அந்த மூன்று மடையர்களும் சேர்ந்து என் நாக்கையும் கட்டிப்போட்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல. அவன் சின்ன வயசுலயே அப்படித்தான். சைக்கிளைச் சுவத்துல முட்டித்தான் நிறுத்துவான்."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் குடும்பத்தைப் பார்த்து ஒருவர் சிரிக்க, அதற்கு நானே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

தெருமுனையில் தம்பி தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"என்னண்ணா சொன்னீங்க?"

"கல்யாணம் நடக்கும். அந்த மூணு கழுதைகளையும் கடைசி வரிசையில உட்கார வை."