நடுவில் நசுங்கிய டப்பாக்கள்

பட்டாணி டப்பா கம்பெனி திவாலாகி, நானூறு பேர் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தோம். என் மானம் கப்பலேறியது அதற்கு மூன்றாம் நாள், நாத்தனார் வீட்டுச் சமையலறையில்.

அவளும் ஒரு காலத்தில் கம்பெனியில் என் கீழ் வேலை பார்த்தவள்தான். ஓடும் பெல்ட்டிலிருந்து விழுந்து நசுங்கிய டப்பா கடைக்குப் போகாது. வேலை செய்பவர்களே எடுத்துக்கொள்ளலாம். நான் சூப்பர்வைசர், பட்டப்பெயர் நெற்றிக்கண். ஒருநாள் அவள் பையைச் சோதித்தேன். நல்ல டப்பாவை மேஜை முனையில் இடித்து நசுக்கியிருந்தாள். சொந்தபந்தம் பார்க்காமல் வேலையை விட்டுத் தூக்கவைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

கடைசி நாளில் பூட்டுப்போட வந்த அதிகாரி, நல்ல சரக்கெல்லாம் ஏலத்துக்கு, நசுங்கியதை ஆளுக்கு ஆறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். முண்டியடிக்க என் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. என் முறை வந்தபோது கூடை காலி. பாழாய்ப்போன புத்தி, ஆளில்லாத மூலைக்குப் போய் ஆறு நல்ல டப்பாக்களை மேஜை முனையில் இடித்தேன்.

அந்த ஆறையும்தான் நாத்தனாருக்குக் கொண்டுபோனேன். அவள் இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருக்கிறாள். அங்கே ஓர் ஆள் தேவையாம். அவள் அண்ணனுக்கு முதுகு போய் இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்வோம்.

"வாங்க அண்ணி, கேள்விப்பட்டேன்" என்றாள். பையை நீட்டினேன். ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நசுங்கலைத் தடவியது.

"பெல்ட்ல இருந்து விழுந்தா விளிம்புதான் நசுங்கும், இல்ல அண்ணி?"

நடுவில் நசுங்கினால் அது கைவேலை. மேனேஜர் முன்னால் அவளை நிற்கவைத்து நான் சொன்னது.

"ஆமா" என்றேன். காதுமடல் வரை சுட்டது. நாலு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் டப்பாவைத் திறந்து பட்டாணியை அடுப்பில் வைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போங்க. எங்க மேனேஜர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க."

நேற்றே. நான் வாய் திறப்பதற்கு முன்பே. தட்டில் வைத்த பட்டாணியை ஒன்றுவிடாமல் தின்றேன்.

வாசல் வரை வந்தவள் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க, அண்ணி. வேலை முடிஞ்சு கிளம்புறப்ப அங்க பையைத் திறந்து பாப்பாங்க. உங்களுக்கு நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன்."

காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரிம்மா" என்றேன்.