அருண் போட்ட கையெழுத்து

விமானத்தில் வந்த பெட்டியின் கடைசித் திருகாணியை இருதய அருண் கழற்றிக்கொண்டிருந்தபோதே அண்ணி இருதயசெல்வி பெட்டியின் மேல் விழுந்தாள்.

"காத்து மிஷினு போடறதுக்குள்ள உனுக்கு என்னய்யா அவசரம்? தம்பி பக்கத்துலதான இருந்துச்சு? ஒரு வார்த்த கேட்டுக்கினு எறங்கக் கூடாதா?"

உள்ளே அண்ணன் பெரியநாயகம் யாருடையதோ போலிருந்த ஒரு கோட்டில் கிடந்தான்.

இருவரும் வெல்டர்கள். வெளிநாட்டில் மீன்பிடிக் கப்பல் கட்டும் வேலைக்குத்தான் போனார்கள். அந்த நாடு போரில் இறங்கியதும் அதே இடத்தில் போர்க்கப்பல் கட்டத் தொடங்கினார்கள். ஆள் போதவில்லை. சொந்த ஊரான கூட்டேரிப்பட்டில் இரும்புக் கேட்டும் கிரில்லும் அடித்துக்கொண்டிருந்த இன்னும் ஒன்பது பேரை அண்ணன்தான் வரவழைத்தான். இப்போது டிராக்டர் கொக்கி உடைந்தால்கூட ஊர்க்காரர்கள் திண்டிவனம் போக வேண்டும்.

காற்று விடாமல் கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்க மாட்டேன் என்றுதான் அண்ணன் சொன்னான். வெள்ளிக்கிழமை கப்பல் போயாக வேண்டும் என்று சூப்பர்வைசர் கத்தினார். அண்ணன் இறங்கினான். ஏணியருகே நின்ற அருண் எல்லாவற்றையும் கேட்டான். அண்ணன் உள்ளேயே மூச்சுமுட்டிச் செத்தான். மறுநாள், 'தடுத்தும் கேளாமல் தானாக இறங்கினார்' என்று கம்பெனி எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். போடாவிட்டால் வேலை போய்விடும் என்றார்கள்.

பக்கத்து வீட்டு ஜெயம் அவன் கையைப் பிடித்தாள். அவள் மகன் ஜோஸ்வினும் அந்த ஒன்பது பேரில் ஒருவன்.

"எம்புள்ளயும் அந்தத் தொட்டில எறங்குறானா அருணு?"

"காத்து வுட்டுட்டுத்தான் எறக்குவாங்கக்கா."

"அதான் கேட்டேன். உங்கண்ணன் மாதிரி அவன் அவசரப்பட மாட்டான்."

அருணால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியருகே போய் உட்கார்ந்தான்.

"அண்ணி, அண்ணன் அவசரப்படல. மாட்டேன்னுதான் சொல்லிச்சு. அவங்கதான் எறக்குனாங்க."

அண்ணியின் அழுகை நின்றது.

"தானா எறங்குனாருன்னு பேப்பர் குடுத்திருக்காங்களே?"

"அதுல கையெழுத்து போட்டது நான்தான், அண்ணி."

ஜெயம் மகனைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். இருதயசெல்வி கணவனின் கன்னத்தில் கைவைத்தாள்.

"காலைலேர்ந்து உன்னயதான்யா திட்டிக்கினு இருக்கேன்."

மாதா கோயிலிலிருந்து சாமியார் வந்து ஜெபித்து முடித்தார். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். இளவட்டங்கள் எல்லோரும் அங்கே கப்பல் வேலையில் இருந்தார்கள். ஊர்ப் பெரியவர் மாசிலாமணியும் இன்னும் நான்கு வயசாளிகளும் குனிந்தார்கள். ஆறாவது பிடியை அருண் பற்றினான்.

இருதயசெல்வி எழுந்து வந்தாள். அவன் கையை எடுத்துவிட்டு, அந்தப் பிடியைத் தானே பிடித்துக்கொண்டாள்.