அம்மாவுக்கு என்ன நோய்?

ஊரில் உள்ள அத்தனை பேருடைய ரத்தப் பரிசோதனை அறிக்கையும் ஜெராக்ஸ் கடைக்காரரின் கைவழியாகத்தான் போகும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் உடம்பில் என்ன ஓடுகிறது என்று மட்டும் ஐம்பத்தாறு வயது வரை பார்த்ததில்லை. ஒண்டிக்கட்டை. கடைக்கு மேலேயே ஓர் அறை. ஷட்டரை இறக்கிவிட்டால், மறுநாள் யாராவது வந்து "ரெண்டு காப்பி" என்று சொல்லும்வரை அவரிடம் பேச ஆளில்லை.

ஒருநாள் ஒரு மருத்துவ ஆய்வு மையத்தின் நோட்டீஸ் ஐந்நூறு பிரதிக்கு வந்தது. நோய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு ஒரு லட்சம் தன்னார்வலர்கள் தேவை, ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்போம் என்று போட்டிருந்தது. ஊருக்கு உபகாரம் செய்யும் எண்ணமெல்லாம் அவருக்கு வரவில்லை. பொய் சொல்வானேன், தன்னிடம் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார் என்பதுதான் அவரை இழுத்தது.

மையத்தில் நர்ஸ் ரத்தம் எடுத்தாள். தூக்கம், சாப்பாடு, நடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு வரியில் முடிய வேண்டியதற்கெல்லாம் அவர் ஒரு பக்கம் பதில் சொன்னார். அம்மா எதனால் இறந்தார் என்று கேட்டபோது மட்டும் தடுமாறினார்.

"வயசாயிடுச்சு."

"எத்தனை வயசு சார்?"

"நாப்பத்தேழு."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. இந்த ஆய்வால் அவருக்கு உடனே பலன் எதுவும் கிடைக்காது என்றாள். லட்சம் பேருடைய ரத்தத்தையும் குடும்ப விவரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான், நோய் முற்றுவதற்கு முன் என்ன அடையாளம் காட்டுகிறது என்பது பிடிபடும். ஆளுக்கொரு பொய் சொன்னால் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டு வாருங்கள் என்றாள்.

உண்மையில் அவருக்குத் தெரியாது. அப்போது பதினைந்து வயது. வயிற்று வலி என்றார்கள், பிறகு அம்மா இல்லை. யார் கேட்டாலும் "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். அக்கா. வெளியூரில் தனியாக இருக்கிறாள். அத்தான் சாவுக்கு இவர் ஒருநாள் பிந்திப் போனதிலிருந்து நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் அழைத்தபோது, அக்கா முதல் மணியிலேயே எடுத்து, யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டாள்.

இவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"குடல்ல கட்டிடா. ஒரு வருஷம் ரத்தமாப் போச்சு. வெளிய தெரிஞ்சா என்னை யார் கட்டுவாங்கன்னு அம்மா சத்தியம் வாங்கினா. உனக்குக்கூடச் சொல்லக் கூடாதுன்னுட்டா."

பிறகு அக்காவே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எனக்கும் மூணு மாசமா அப்படித்தான் போவுது."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்டா இருக்கா சொல்ல?"

நான்கு வருட வீம்பை நினைத்து வெட்கப்பட்டார். அன்றே பஸ் ஏறிப் போய், மறுநாள் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கட்டி இருந்தது, ஆனால் சின்னது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து அக்கா, தம்பியின் தோளைப் பிடித்தபடி ஆய்வு மையத்துக்கு வந்தாள். உடம்பு தேறட்டும், இப்போது என்ன அவசரம் என்று அவர் தடுத்தும் கேட்கவில்லை. அதே நர்ஸ் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டாள். அக்கா, காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"நல்லா எழுதிக்கோம்மா. எங்கம்மா சொல்ல வெட்கப்பட்டுச் செத்தா. நானும் வாயை மூடிக்கிட்டுத் தனியாச் சாகப் பார்த்தேன். நோயை மறைச்சா குடும்ப மானம் நிக்காது, குடும்பந்தான் போகும். எங்க ரெண்டு பேரு கதையையும் வெச்சுக்கோ. இன்னொருத்திக்கு ரத்தம் போறதுக்கு முன்னாடியே நீங்க கண்டுபிடிக்கணும்."