இடது பெடல்

பட்டாபிராமில் மனோகரன் வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது. பட்டறைதான் இருந்தது. சுவரில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் உருவத்தில் வெள்ளைக் கோடு. ஸ்கூட்டர் சாவிக்குக்கூட ஒரு கோடு உண்டு. ராணுவ டேங்க் செய்யும் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் அவருக்கு ‘டேங்க் சார்’ என்று பெயர். டேங்கில் எந்தப் பாகத்தைச் செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொல்லி யாரையும் சிரமப்படுத்தியதில்லை.

மனைவி சுலோசனா அம்பத்தூரில் ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் சைக்கிளில் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதாக மனோகரன் சொல்வார்தான். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஸ்கூட்டரைத் துடைத்து, கண்ணாடியைத் திருத்திக் கிளம்புவதற்குள் ரயில் ஆவடியைத் தாண்டிவிடும். யாருக்கும் காத்திராமல் வேலைக்குப் போக அவளுக்கு இருந்தது அந்தச் சைக்கிள் ஒன்றுதான்.

அதன் இடது பெடல் ஞாயிற்றுக்கிழமை கறகறத்தது.

“ஸ்டேஷன் வாசல் சைக்கிள் கடையில குடுத்து வேற போட்டுக்கறேன்” என்றாள்.

“டேங்க்ல வேலை பார்த்த ஆள் வீட்டுல இருக்கறப்ப சைக்கிள் கடையா? தெருவுல நான் தலைகாட்ட வேணாமா?”

ஏப்ரன் கட்டிக்கொண்டு இறங்கினார். உலகத்து நட்டெல்லாம் எந்தப் பக்கம் கழலுமோ அந்தப் பக்கமாகவே ஸ்பேனரைத் திருப்பினார். அசையவில்லை. ஸ்பேனரின் வாலில் ஓர் இரும்பு பைப்பைச் செருகினார். எதிர்வீட்டுப் பச்சையப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னா அண்ணாத்தே, பெரிய வேலையா நடந்துகினு கீது?”

“துரு, பச்சையப்பா. இதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு.”

சமையலறை ஜன்னலிலிருந்து சுலோசனா குரல் கொடுத்தாள். “ஏங்க, மிக்ஸி கப்ளரை எதிர்ப்பக்கமா திருப்பினாத்தான் கழலும். இதுவும் அப்படி இருக்கப்போவுது, பாருங்க.”

“மிக்ஸிக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாம பேசாத.”

“ஏன், மிக்ஸி மெஷின் இல்லையா?”

டெக்னிக் என்பது பைப்பின் மேல் ஏறி நிற்பது என்று தெரிந்தது. ‘படக்’ என்றது. பெடல் வந்தது; மரையெல்லாம் மழுங்கி வந்தது. மனோகரன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“பார்த்தியா? மரையே தலைகீழா சாய்ஞ்சிருக்கு. கம்பெனிக்காரனே தப்பா வெட்டியிருக்கான்!”

“அய்யே, கம்பெனியே இப்டி பண்ணா நாடு இன்னாத்துக்கு ஆவும்?” என்றார் பச்சையப்பன்.

ஆன்லைனில் வாங்கிய, மரை வெட்டும் டை செட் வெல்வெட் பெட்டியிலிருந்து வெளிவந்தது. எண்ணெய் விட்டு, பெடலின் போல்ட்டில் ‘சரியான’ பக்கமாகப் புது மரை வெட்டினார். அது போய் மாட்டும் ஓட்டையிலும் அப்படியே. போல்ட் முனையில் ஏதோ எழுத்து அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் அரத்தால் தேய்த்தார். போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கும்பிடுகள் குவிந்தன.

திங்கட்கிழமை காலை சுலோசனா மிதிக்க மிதிக்க, பெடல் தன்னைத்தானே கழற்றிக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் சாலைத் திருப்பத்தில் கையோடு, இல்லை, காலோடு வந்துவிட்டது. முழங்கால் சிராய்த்தது. டிபன் பாக்ஸ் உருண்டு திறந்துகொண்டது. அவள் எழுந்து நிற்கும்போது ரயில் புறப்படும் சத்தம் கேட்டது. பெடலைப் பொறுக்கிப் பார்த்தாள். தேய்த்தும் சாகாமல் முனையில் பாதி L இருந்தது. வலது பெடலில் R. இடதுக்கும் வலதுக்கும் எதிரெதிர் மரை என்று செய்தவனே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள். ஷெட்டில் மனோகரன் பச்சையப்பனுக்கு இரும்பின் குணங்களை விளக்கிக்கொண்டிருந்தார். பெடலைப் பார்த்தார்.

“நீ ஒரு பக்கமாவே அழுத்தியிருப்ப.”

“நான் அழுத்தினேனா?” அவள் குரல் தெருக்கோடிக்குக் கேட்டது. “முப்பது வருஷம் டைம் ஆபீஸ்ல உக்காந்து எவன் லேட்டு, எவன் லீவுன்னு குறிச்ச மனுஷன் நீங்க. அது கௌரவமான வேலைதான், யாரு இல்லேன்னா? போல்ட்டைக் கையால தொட்டதே ரிட்டயர் ஆனப்புறம். அதுக்கு என் சைக்கிள்தான் கிடைச்சுதா? சொன்னேன்ல, எதிர்ப்பக்கம் திருப்புங்கன்னு!”

“டைம் ஆபீசா?” பச்சையப்பன் லுங்கியை இறக்கிவிட்டார். “இன்னா அண்ணாத்தே, பீரங்கியே நீதான் மாட்டுனேன்னு நெனச்சுகினு இருந்தேனே?”

மனோகரன் அரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

சுலோசனா பலகையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அந்த வெள்ளைக் கோட்டுக்குள் பெடலை மாட்டினாள். “சைக்கிள் சரியாகிற வரைக்கும் வண்டி எனக்கு. நீங்க நடங்க.” கண்ணாடியைத் திருத்தவில்லை, துடைக்கவில்லை. போயேவிட்டாள்.

வெயில் ஏறிய பிறகு மனோகரன் பெடலைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி ஸ்டேஷன் வாசல் கடைக்கு வந்தார். கடைக்காரர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“எவன் சார் இதுல கை வெச்சது?”

மனோகரனுக்கு உண்மையாகவே ரத்தம் கொதித்தது.

“யாரோ அரைகுறைப்பா” என்றார். “இவனுங்களையெல்லாம் ஸ்பேனரைத் தொடவே விடக்கூடாது.”